மூன்று பூட்டுக் கடிகாரம்

அன்று காலை பெட்டியைத் திறந்தபோது அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஒன்று நான், மாரிமுத்து, படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பாளி. கையில் முதல் சாவி. இரண்டு, நிர்மலன், கடிகாரத்தின் சொந்தக்காரர் அலுவலகத்திலிருந்து வந்த ஆள். கையில் இரண்டாவது சாவி. மூன்று, மேரிசெல், காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிவைத்த பிலிப்பைன்ஸ் பெண். ஒரு கையில் மூன்றாவது சாவி, மறு கையில் காபி. நான்கு, எங்கள் தயாரிப்பு மேலாளர் வர்கீஸ் சார். இரண்டு கையிலும் போன். ஐந்து, டார்ச் பிடிக்கும் வங்காளதேசத்துக் கபீர். ஆறு, தொடரில் கப்பல் கேப்டனாக நடித்த வெள்ளைக்காரர். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. எங்கள் அறை ஏசி நன்றாக இருக்கும் என்று தொப்பியும் சவரியுமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்று பூட்டும் திறந்தன. மூடியைத் தூக்கினேன். வழக்கமாக மூடி பாதி எழும்பும்போதே உள்ளேயிருந்து டிக், டிக் என்று கேட்கும். அன்றைக்கு ஏசி சத்தம்தான் கேட்டது. கபீர் டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான், வெளிச்சம் பட்டால் ஓடிவிடும் என்பதுபோல. கேப்டன் மட்டும், "பரவாயில்லையே, இன்றைக்கு அமைதியாக இருக்கிறது" என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம், அந்தத் தொடர் டிவியில் வந்துவிட்டது. சாமான் பிரிவுப் பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. ஓய்வுபெற்றும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. காயல்பட்டினத்து ரியாஸ் அதில் ஒரு படத்தைப் போட்டு, "மாரிண்ணே, இந்தக் கப்பல் கடிகாரத்தாலதான் உங்களுக்கு வயித்தால போச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா? இப்பல்லாம் கடிகாரத்தையே கம்ப்யூட்டர்ல போட்டுடுறாங்க, எங்களுக்கு ஒரு அனுபவமும் இல்லை" என்று கேட்டிருந்தான். வயிற்றால் போனது உண்மை. மற்றதை வாட்ஸ்அப்பில் தட்டி முடியாது.

என் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். தச்சுப் பட்டறையில் சேர்ந்தேன். துபாய் தேராவில் கண்காட்சிக் கடைகள் கட்டித்தரும் ஒரு கம்பெனி விசா கொடுத்தது. அங்கே மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்தவனை விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் பார்த்து, அல் கூஸில் ஒரு கிடங்கில் சாமான் காவலுக்குப் போட்டார்கள். அவ்வளவுதான் படிப்பும் பயிற்சியும்.

ஆனால் அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான். நான் பிறவிக் கவலைக்காரன். ரூமைப் பூட்டிவிட்டு இறங்கினால் மூன்றாவது மாடியில் நின்று திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். விமானத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதன் அட்டை கழன்றது. சாமான் பிரிவில் இந்தக் குணத்துக்குச் சம்பளம் தருகிறார்கள். போன காட்சியில் டம்ளர் மேஜையின் இடது ஓரத்தில் இருந்ததா, வலது ஓரத்திலா, தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒருவன் ராப்பகலாகக் கவலைப்பட வேண்டும். மற்றவர்கள் நிம்மதியாகப் படம் எடுப்பார்கள்.

இனி வர்கீஸ் சார். கோட்டயத்துக்காரர். வளைகுடாவில் நான் பார்த்த மேலாளர்கள் பெரும்பாலும் கத்துவார்கள். இவர் கத்தியதே இல்லை. எதையும் எழுதியும் தர மாட்டார். காதருகே வந்து மெதுவாகச் சொல்வார். சொன்னதும், "என்ன மனசிலாச்சு? திரும்பச் சொல்லு" என்பார். நாம் திரும்பச் சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அது நாம் சொன்னதாகிவிடும். நாளைக்கு ஏதாவது பிசகினால், "நீதானே சொன்னாய்" என்பார். பொய்யும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மருந்துக்குத் தானே பணம் கட்டியவரும் அவர்தான். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு ஓர் அடையாளம் தெரியும். "மிஸ்டர் மாரிமுத்து" என்று கூப்பிடும்வரை பயமில்லை. மகனே என்கிற அர்த்தத்தில் "மோனே" என்று கூப்பிட்டால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம்.

தொடரின் கதை இது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களுக்கு நடுக்கடலில் தாங்கள் கிழக்கே எவ்வளவு தூரம், மேற்கே எவ்வளவு தூரம் இருக்கிறோம் என்று தெரியாது. கப்பல் ஆடினாலும் வெயிலடித்தாலும் பிசகாமல் ஊர் மணியைக் காட்டும் கடிகாரம் ஒன்று இருந்தால் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைச் செய்பவருக்குப் பெரும் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு மரவேலைக்காரர் செய்தும் காட்டினார். பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மனிதர்கள் இன்னொரு சோதனை, இன்னொரு சோதனை என்று அவர் கிழவராகும்வரை இழுத்தடித்தார்கள்.

நல்ல கதை. அதை எடுத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். நேரத்தைப் பற்றிய இந்தத் தொடரில் ஒருநாள்கூட ஒரு ஆள் நேரத்துக்கு வந்தது கிடையாது. கடிகாரக்காரராக நடித்தவர் வருவதற்குள் அவருடைய இட்லிக்கு, அதாவது அவருடைய முட்டைக்கு, மூன்று தடவை சூடு காட்டுவார்கள். இங்கிலாந்துக் கப்பல் என்று நீங்கள் பார்த்தது ராஸ் அல் கைமாவில் வாங்கிய பழைய மீன்பிடித் தோணி. பெயின்ட் அடித்தும் சூடை மீன் வாசம் போகவில்லை. கப்பலின் உள்ளறை எங்கள் அல் கூஸ் கிடங்குக்குள் ஆட்டும் மேடைமேல் கட்டியது. கடல் என்பது ஜன்னலுக்கு வெளியே கட்டிய பச்சைத் துணி. அந்தத் துணியைப் பார்த்தே கேப்டனுக்கு வாந்தி வந்தது.

கடிகாரம் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். பழைய கப்பல் சாமான்கள் சேர்க்கும் துபாய்ப் பெரியவர் ஒருவர் தன்னிடமிருந்த கடிகாரத்தை இரவல் தரச் சம்மதித்தார். பெரியவருக்கு நிபந்தனை ஒன்றுமில்லை. அவருடைய செக்ரட்டரி ஹிஷாமுக்கு இருந்தது. ஹிஷாம் கதையை வாங்கிப் படித்திருக்கிறார். அதில், சோதனைக் கப்பலில் யாரும் ஏமாற்றிவிடாதபடி கடிகாரப் பெட்டிக்குப் பல பூட்டுப் போட்டு, சாவிகளை வேறுவேறு அதிகாரிகளிடம் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஹிஷாமுக்கு அது பிடித்துப்போயிற்று. இரும்புப் பெட்டி ஒன்று செய்து மூன்று பூட்டுப் போடச் சொன்னார். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, காப்பீட்டுக்காரர்களுக்கு ஒன்று. கூடவே ஒரு வரி: இந்தக் கடிகாரம் பெரியவரிடம் வந்த நாள்முதல் ஒருபோதும் நின்றதில்லை, நிற்கவும் கூடாது.

அது தினம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய சாதி. மறந்தால் மறுநாள் நின்றுவிடும். சாவி கொடுக்கக் கற்றுத்தர லண்டனிலிருந்து ஒரு கிழவர் விமானத்தில் வந்தார். வெள்ளைக் கையுறை, சின்னச் சிரிப்பு. எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்.

பித்தளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். இரண்டு வளையங்களுக்குள் தொங்கும், பெட்டி எப்படிச் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். இடது கையால் கிண்ணத்தை மெல்லக் கவிழ்க்க வேண்டும். அடியில் சின்னத் தகட்டை விரலால் தள்ளினால் ஓட்டை தெரியும். பெட்டியின் மூலையில் இருக்கும் முறுக்குச் சாவியை அதில் விட்டு இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் திருப்பினால் உள்ளே என்ன ஆகும் என்று கிழவர் சொல்லவில்லை, கண்ணை மூடிக் காட்டினார். எத்தனை சுற்று என்று கேட்டேன். ஏழரை என்றார்.

நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உலகத்தில் எத்தனையோ எண்கள் இருக்க, ஒரு கவலைக்காரன் கையில் ஏழரையைக் கொடுத்தால் என்ன செய்வான்.

தினமும் காலையில் நான் தமிழில் எண்ணுவேன். மேரிசெல் ஆங்கிலத்தில் எண்ணுவாள். நிர்மலன் மனதுக்குள் எண்ணுவார். ஏழாவது சுற்று முடிந்ததும் கடைசி அரையை மூச்சுவிடாமல் திருப்புவேன். முட்டும் இடம் விரலுக்குத் தெரியும். பிறகு கிண்ணத்தைத் திரும்ப நிமிர்த்தி, டிக் கேட்டு, மூன்று பேரும் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். இதற்காக மேரிசெல் கராமாவிலிருந்தும், நிர்மலன் ஷார்ஜாவிலிருந்தும் வர வேண்டும்.

இவ்வளவு ராஜமரியாதை செய்த கடிகாரத்தை எத்தனை காட்சியில் எடுத்தார்கள் என்கிறீர்கள். ஒன்றே ஒன்று. அதுவும் வெட்டிவிட்டார்கள். முதல் நாளே சவுண்டுக்காரர் வந்து, டிக் சத்தம் வசனத்தைக் கெடுக்கிறது, நிறுத்து என்றார். பிறகு தொடர்ச்சி பார்க்கும் பெண் வந்து, கதையில் ஐந்து நிமிடம் நடக்கும் காட்சியை நாம் காலையிலிருந்து சாயங்காலம்வரை எடுக்கிறோம், முள் நகர்ந்துகொண்டே போகிறது, நிறுத்து என்றாள். கடைசியில் டைரக்டரே கேமராவில் பார்த்துவிட்டு, அசல் பளபளப்பாக இருக்கிறது, போலிபோலத் தெரிகிறது என்றார். நான் பிசினில் வார்த்துப் பித்தளை நிறம் பூசிய நகல் ஒன்று அவசரத்துக்கு இருந்தது. தொடர் முழுக்க அதுதான் நடித்தது. டிவியில் நீங்கள் கேட்ட டிக் டிக், தேராவில் பத்து திர்ஹம் கடையில் வாங்கிய சுவர்க் கடிகாரம்.

ஆனாலும் இரும்புப் பெட்டிக்குள் அசலுக்கு நித்திய பூஜை தடையில்லாமல் நடந்தது.

நிர்மலனைப் பற்றிச் சொல்கிறேன். பருத்தித்துறைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹிஷாமுக்குக் கீழே ஓடியாடி வேலை செய்பவர். அப்போதுதான் மனைவியையும் சின்ன மகளையும் குடும்ப விசாவில் அழைத்துவந்து, ஷார்ஜாவில் ஓர் அறை எடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். என்னை அண்ணை என்பார். வேலை நேரத்தில் மேரிசெல்லுக்காக ஆங்கிலம்தான் பேசுவோம். பூட்டுச் சாவிக்கு மூன்று பேரும் கீ என்போம். அந்தப் பழக்கம்தான் குழி வெட்டியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. ஷார்ஜா நெரிசலில் கார் ஹாரன்களுக்கு நடுவே பேசினார். பின்னால் பிள்ளை அழுகிறது.

"அண்ணை, நாளைக்குத் திறப்பு இல்லை. வர்கீஸ் சாரிட்டயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"அப்படியா தம்பி. ரொம்ப நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது அண்ணை?"

"ஞாயித்துக்கிழமை. எல்லாரும் கொஞ்சம் தூங்கலாம்லா."

அவர் சிரித்தார். "நீங்கள் பகிடி விடுறியள். சரி, மறக்காமச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் திறப்பு என்றால் பின்னாலேயே விழா என்று வரும். ரிப்பன் வெட்டுவார்கள். நாளைக்குத் திறப்பு இல்லை என்றால் நாளைக்குப் பெட்டியைத் திறப்பது இல்லை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. ஆனாலும் நான் நானல்லவா. உடனே வர்கீஸ் சாரிடம் ஓடினேன்.

"சார், நாளைக்கு ஓபனிங் இல்லையாம். நிர்மலன் சொல்லச் சொன்னாரு. சாவி கொடுக்கலன்னா நின்னுடாதா சார்?"

அவர் இரண்டு போனையும் பார்த்தபடியே, "ஓனர் ஆபீஸே ஓபனிங் வேண்டான்னு சொன்னா நமக்கு எந்தா? அவங்க கடிகாரம், அவங்க ரூல். என்ன மனசிலாச்சு? திரும்பச் சொல்லு" என்றார்.

"நாளைக்கு ஓபனிங் இல்லை சார்."

"ஷெரி. நீயே மேரிசெல்லுக்கும் கபீருக்கும் சொல்லிடு."

சொன்னேன். அன்று ராத்திரி கட்டிலில் படுத்ததுதான் தெரியும். இருபத்தாறு வருஷ வளைகுடா வாழ்க்கையில் நான் கவலையில்லாமல் தூங்கிய ஒரே ராத்திரி அதுதான். கடிகாரம் அந்த நேரத்தில்தான் கடைசி மூச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

இனி திங்கட்கிழமை காலைக்கு வருகிறேன். பெட்டி திறந்து கிடக்கிறது. சத்தமில்லை. முதலில் வாய் திறந்தது நிர்மலன்.

"நேற்று ஆரும் கீ குடுக்கேல்லையோ?"

"நேத்துதான் திறப்பு இல்லைன்னு நீங்க சொன்னீங்களே தம்பி."

"ஓம், திறப்பு இல்லை எண்டு சொன்னனான்தான்."

"அதைத்தானே நானும் சொல்லுதேன். திறப்பு இல்லைன்னீங்க, நாங்க திறக்கலை."

"திறப்பு இல்லை எண்டபடியால்தானே வர்கீஸ் சாரிட்டச் சொல்லச் சொன்னனான்."

"சொன்னேனே. சார், திறப்பு இல்லைன்னு சொன்னேனா இல்லையா?"

"ஓபனிங் இல்லைன்னு சொன்னே" என்றார் வர்கீஸ் சார்.

"என்ன ஓபனிங்?" என்றார் நிர்மலன்.

மேரிசெல் காபியைக் கீழே வைத்தாள். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே மொழிதானே பேசுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்கு இரண்டு பேரும் ஒன்றாக யெஸ் என்றோம். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

நிர்மலன் தன் கையிலிருந்ததை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "அண்ணை, இதுக்கு உங்கட ஊரில என்ன பேர்?"

"சாவி."

"எங்கட ஊரில இதுக்குப் பேர்தான் திறப்பு."

அவர் சொன்னதன் அர்த்தம் என் வயிற்றுக்குத்தான் முதலில் புரிந்தது. சனிக்கிழமை ஹிஷாம் சாவிக் கொத்தைத் தவறுதலாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அபுதாபி போய்விட்டார். நாளைக்குச் சாவி இல்லை, வர்கீஸ் சார் அவருக்குப் போன் பண்ணி வாங்க ஏற்பாடு செய்யட்டும். நிர்மலன் சொன்னது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை கொத்து அலுவலக மேஜையில் கிடக்கவும், நாங்கள் வாங்கி வேலையை முடித்துத் திருப்பிவிட்டோம் என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவரைக் கேட்டால், அப்படியேதான் சொன்னேன் என்பார்.

கிண்ணத்தைக் கவிழ்த்து ஏழரை கொடுத்துப் பார்த்தேன். முறுக்கு ஏறியது. ஓடவில்லை. இந்தச் சாதிக் கடிகாரம் நின்றுவிட்டால் சாவி கொடுத்தாலும் தானாகக் கிளம்பாது என்று கிழவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எப்படிக் கிளப்புவது என்றும் காட்டியிருந்தார், கையை ஒரு மாதிரி வெட்டி. கோடிக்கணக்கில் காப்பீடு செய்த சாமானை ஒரு மாதிரி வெட்டிப் பார்க்க என்னால் ஆகாது.

வர்கீஸ் சார் கபீரையும் கேப்டனையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேரிசெல் போனோடு வராந்தாவுக்குப் போயிருந்தாள். அவர் என் தோளில் கை வைத்தார்.

"மோனே" என்றார்.

அந்த மாதக் கடைசியோடு நான் ஓய்வு. பணிக்கொடைக் கணக்கு அவர் மேஜையில்தான் கையெழுத்துக்கு இருக்கிறது.

"மோனே, இது பெரிய கேஸ் ஒண்ணும் அல்ல. சாவி யார்கிட்ட இருக்கணும்? நிர்மலன்கிட்ட. நேத்து வந்தானா? வரலை. போன் பண்ணானா?"

"பண்ணாரு சார்."

"பண்ணலை" என்றார் மெதுவாக. "பண்ணலைன்னா கம்பெனிக்கு ஒண்ணும் இல்லை, உனக்கும் ஒண்ணும் இல்லை. பண்ணான்னு சொன்னா, தப்பா மனசிலாக்கினது நீ. என்ன மனசிலாச்சு? திரும்பச் சொல்லு."

நிர்மலன் அங்கேயேதான் நின்றார். அவரை வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாத மாதிரிதான் இதைச் சொன்னார். நான் திரும்பச் சொல்லவில்லை. பெட்டி மூடியைச் சாத்தினேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு காருக்குக் கிளம்பிவிட்டார்.

தேராவில் பெரியவர் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். வர்கீஸ் சார் ஓட்டுகிறார். பின்னால் நானும் நிர்மலனும். பெட்டி எங்கள் இருவர் மடியிலும். சுரங்கப் பாதைக்குள் நுழைந்தபோது நிர்மலன் காதோடு சொன்னார்:

"அண்ணை, நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ. போற நேரத்தில உங்களுக்கு வில்லங்கம் வேண்டாம். நான் வேற வேலை தேடிக்கொள்ளுவன்."

"பிள்ளை பள்ளிக்கூடம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போனால் விசா போகும். அவர் விசா போனால் மனைவி விசாவும் பிள்ளை விசாவும் கூடவே போகும். அப்போதுதான் சீருடைக்குத் தைக்கக் கொடுத்திருந்தார்கள் என்று முந்தின வாரம் சொன்னது மடியிலிருந்த பெட்டியைவிடக் கனத்தது.

பெரியவர் அலுவலகம் கடலோடையைப் பார்த்த பழைய கட்டிடத்தில், கயிறும் நங்கூரமும் விற்கும் கடைக்கு மேல்மாடி. ஜன்னல் வழியே அப்ரா படகுகள் போவது தெரிந்தது. ஹிஷாம் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக நிபந்தனைத் தாளைக் கையில் வைத்திருந்தார். பெரியவர் தடிமனான கண்ணாடி போட்டு, கந்தூரா அங்கியின் கையை மடித்துவிட்டு, பேரீச்சம்பழத்திலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து துபாய் வியாபாரிகள்போல அவருக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. எனக்குத்தான் அது சைட்டில் கற்ற இந்தி.

வர்கீஸ் சார் அழகாகத் தொடங்கினார். கடிகாரம் நின்றுவிட்டது, மிகவும் வருந்துகிறோம், எங்கள் தரப்பில் எல்லாம் தயாராக இருந்தது, சாவி மட்டும் வரவில்லை, தகவலும் வரவில்லை. "எங்கள் மாரிமுத்து சொல்வார். இருபத்தாறு வருஷ சர்வீஸ்" என்று என்னைக் காட்டினார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "போலோ, பாய்."

நான் சொல்ல வேண்டியது ஒரு வரி. உஸ்னே போலா நஹி. அவன் சொல்லவில்லை. உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் இருந்தது ஒரு நஹி. வழியெல்லாம் மனதுக்குள் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்திருந்தேன். என் கை பெட்டிமேல் இருந்தது. அடுத்து நிர்மலனின் கை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போக அவர் ஏற்கனவே அதைக் கையில் எடுத்திருந்தார்.

"உஸ்னே போலா" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

வர்கீஸ் சார் இருமினார். ஹிஷாம், "அப்படியானால் ஏன் திறக்கவில்லை?" என்றார். இனி விளக்கித்தான் ஆக வேண்டும். என் ஊரில் திறப்பு என்றால் கோல்னா, அதாவது திறப்பது. இவர் ஊரில் திறப்பு என்றால் சாபி, அதாவது சாவி. இவர் சாவி இல்லை என்றார், நான் திறக்க வேண்டியதில்லை என்று கேட்டேன். இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. இதை என் சைட் இந்தியில், கையால் பூட்டித் திறந்து காட்டி, வியர்த்து வழிந்து சொல்லி முடித்தேன். ஹிஷாம் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. வர்கீஸ் சார் கூரையைப் பார்த்தார்.

பெரியவர் மட்டும் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டார். "மிஃப்தாஹ்" என்றார், நிர்மலன் கையிலிருந்த சாவியைக் காட்டி. பிறகு கைகளைக் கதவுபோல் விரித்து, "ஃபதஹ்" என்றார். அரபியிலும் சாவி என்பது திறப்பு என்கிற சொல்லிலிருந்தே வந்ததாம். "இதில் என்ன கஷ்டம்? எங்கள் வீட்டிலும் மிஃப்தாஹ் என்று சொன்னால் என் பேரன் கதவைத்தான் பார்ப்பான்" என்று தோள் குலுங்கச் சிரித்தார். நான் பதினைந்து நிமிடம் மூச்சு வாங்கிச் சொன்னது ஓர் அரபிக்கு ஒரு நொடியில் புரிந்தது. இரண்டு தமிழர்களுக்கு முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

பிறகு கேட்டார், "நின்றதற்கு என்ன இவ்வளவு கூட்டம்? வீட்டில் எத்தனை தடவை நின்றிருக்கிறது. சாவி கொடுக்கிற டிரைவர் லீவில் போனால் இதுவும் லீவு எடுத்துக்கொள்ளும்."

ஹிஷாம் கையிலிருந்த தாளை மெல்லத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒருபோதும் நின்றதில்லை என்ற வரி அவர் கைச்சரக்கு. காப்பீட்டுத் தொகை அதனால் கூடியதாம்.

"கலாஸ், இத்தோடு முடிந்தது" என்றார் பெரியவர். சுலைமானி டீ வந்தது. நிர்மலன் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு. போனில் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுகிறாள். அவளோடு மட்டும்தான் எனக்குத் திறப்புத் தொல்லை இல்லை.

திரும்பும்போது வர்கீஸ் சார் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நல்ல மனசு உனக்கு, மோனே" என்றார்.

லண்டன் கிழவரை மறுபடி வரவழைத்தார்கள். நான் ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று அவர் வரும்வரை பெட்டிக்கு வர்கீஸ் சாரே காவல். கிழவர் கையுறையை மாட்டி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினார். டிக் என்றது. எனக்குக் காட்டிக்கொடுத்திருந்த அதே வெட்டு. பிறகு மூன்று நாள் ஓட்டல் நீச்சல் குளத்தில் கிடந்துவிட்டு ஊருக்குப் போனார். தொடர் முடிவில் பெயர் ஓடும்போது கடிகார ஆலோசகர் என்று அவர் பெயர் வருகிறது, பார்த்திருப்பீர்கள்.

கடைசிக் காட்சி எடுத்த அன்று நான் கிடங்கில்தான் இருந்தேன். கடிகாரக்காரர் நரைத்த தலையோடு பெரிய மனிதர்கள் முன்னால் நின்று, செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார். கூலி ஒருவழியாகக் கைக்கு வருகிறது. என் பிசின் கடிகாரம் அவர் கையில். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உழைத்தவனுக்குக் கொடுக்க இத்தனை வருஷமா என்று கேப்டன் மூக்கைச் சிந்தினார். வர்கீஸ் சாரும் ஒரு போனை மறு கைக்கு மாற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். உடனே அங்கே நின்ற தினக்கூலி ஆட்களிடம், இந்த மாதச் சம்பளம் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று காதருகே சொல்லிக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் என் கணக்கு வந்தது. பணிக்கொடையில் ஒரு பிடித்தம். கிழவரின் விமானம், ஓட்டல், கூலி, எல்லாம் சேர்த்து. "நீதானே தப்பா மனசிலாக்கினேன்னு சொன்னே" என்றார் வர்கீஸ் சார். சொன்னேன்தான். தொழிலாளர் அலுவலகம் போகலாம் என்று நிர்மலன் எவ்வளவோ சொன்னார். கூடவே வருகிறேன் என்றார். எனக்கு அந்த அலுவலகப் படியை நினைத்தாலே வியர்க்கும். ஆனாலும் இரண்டாவது தடவை அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தோம். பிடித்தம் செல்லாது, கொடுத்துவிடுகிறோம் என்று கம்பெனி அங்கே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறேன். வர்கீஸ் சார் எடுக்கிறார், நலம் விசாரிக்கிறார், எவ்வளவு என்று திரும்பச் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன்.

பதினோராயிரத்து அறுநூறு திர்ஹம்.